முக்கால் ஸ்பூன் சோடா: தண்டுத் தமிழரும் பெங்களூரின் பழ ரொட்டியும்

பெங்களூர்த் தமிழர் வரலாறு என்றால் நம் மலர்களில் எங்கே தொடங்குவது வழக்கம்? மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அங்கே தொடங்குவோம். அடுத்து டொம்லூர் சொக்கநாதர் கோயில். பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியை மேற்கோள் காட்டிவிட்டு, "ஆகவே தமிழர் இங்கே நேற்று வந்தவர் அல்லர்" என்று முடிப்போம். நானும் அப்படி இரண்டு கட்டுரை எழுதியவன்தான். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் இந்த முறை கல்லை விட்டுவிட்டு அடுப்படிக்கு வருகிறேன். எழுத எடுத்துக்கொண்ட பொருள், எங்கள் வீட்டில் மார்கழிக் குளிரில் சுடுகிற பேரீச்ச ரொட்டி.

பேச்சை எடுத்தவுடனேயே ஒரு பெரியவர் சிரித்தார். "ஏன் சார், கேக்கு ரொட்டியெல்லாம் நம்ம வரலாறா?" அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழம், திராட்சை, முந்திரி அல்லது வால்நட் போட்ட ரொட்டி. ஈஸ்ட் கிடையாது. மாவு பிசைந்து பொங்கட்டும் என்று மணிக்கணக்கில் காத்திருப்பதும் கிடையாது. சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ போட்டுக் கலந்தவுடன் அடுப்பில் ஏற்ற வேண்டும். அமெரிக்கர்கள் இந்த வகைக்கு 'குவிக் பிரெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவே உள்ள பண்டம். கேக் மாதிரி வெண்ணெய் வழியாது. ரொட்டி மாதிரி வெறுமனேயும் இருக்காது. துண்டு போட்டு, மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவி, காப்பியோடு சாப்பிடலாம்.

இது எப்படி ஒரு தமிழ் வீட்டுக்குள் வந்தது? அதற்கு 1809-க்குப் போக வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் சிப்பாய்கள் மடிந்துகொண்டிருந்ததால், ஆங்கிலேயர் தம் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூர் ஏரியை அடுத்த மேட்டு நிலத்தில் கண்டோன்மென்ட் எழுந்தது. நம் பெரியவர்கள் வாயில் அது 'தண்டு'. வந்த படை மதராஸ் படை. படையோடு சிப்பாய் மட்டுமா வருவான்? வண்ணார், தையற்காரர், பால்காரர், குதிரைக்காரர், கொத்தனார், கடைக்காரர் என்று ஒரு தமிழ் ஊரே பின்னால் வந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தபின் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வருவது இன்னும் எளிதாயிற்று. 1881-இல் மைசூர் அரசு உடையார் குடும்பத்துக்குத் திரும்பியபோதும் தண்டை மட்டும் ஆங்கிலேயர் விடவில்லை. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் 1947 வரை தம் கையில் வைத்திருந்தார்கள். பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-இல்தான். அதுவரை இது இரண்டு ஊர். இரண்டு ஊருக்கும் ரொட்டி வேறு.

தண்டிலிருந்த ஒவ்வொரு துரை பங்களாவிலும் வீட்டை விட்டுத் தள்ளி, பின்பக்கம் ஒரு தனிக் கட்டடம் இருக்கும். அதற்குப் பெயர் 'குசினி'. போர்த்துகீசியச் சொல், நம் தமிழில் எப்போதோ ஒட்டிக்கொண்டது. அங்கே மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, முட்டை, சாராயம் எல்லாம் புழங்கும். ஆசாரம் பார்த்த சாதிகள் அந்தப் பக்கம் போகத் தயங்கின. போனவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், கிறித்தவர், முஸ்லிம்கள். அவர்கள் அங்கே கற்றது சாதாரணத் தொழில் அன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், துரைசானி வாயால் ஒருமுறை சொன்னதைக் கேட்டு, வேறொரு நாட்டுப் பண்டத்தை, வேறொரு மாவில், வேறொரு அடுப்பில் செய்து காட்ட வேண்டும்.

அவர்களைப் பற்றி எழுதியவர் யார்? மதராஸ் குதிரைப்படை அதிகாரி கென்னி ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் நூலை வெளியிட்டார். அக்காலத்தில் பேர்போன புத்தகம். அதில் தமிழ்ச் சமையற்காரர் அடிக்கடி வருகிறார். திட்டு வாங்குகிறார், சில இடத்தில் பாராட்டும் வாங்குகிறார். ஆனால் எல்லாச் சமையற்காரருக்கும் அவர் வைத்த பெயர் ஒன்றே: 'ராமசாமி'. மதராஸ் மாகாணத்தில் எத்தனையோ ஆயிரம் குசினிகள், அத்தனை பேருக்கும் ஒரே பெயர்! அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் உறுத்தும். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது; ஊருக்கு ரொட்டி சுட்டவன் பெயர் காகிதத்தில்கூட இல்லை.

சரி, சோடாவுக்கு வருவோம். அன்று தென்னிந்தியாவில் ரொட்டி பொங்கியது கள்ளால். நல்ல ஈஸ்ட் கிடைக்காத ஊரில் கள்தான் ஈஸ்ட். ஆப்பத்துக்கு நாம் செய்ததும் அதுவே. மலபாரில் தலைச்சேரி மாம்பள்ளி பாபு என்பவர் 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரைக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டபோது, பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழமும் வாழைப்பழமும் ஊறிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்று அக்குடும்பத்தார் சொல்வது பலருக்கும் தெரிந்த கதை. கள்ளில் ஒரு தொல்லை உண்டு. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும், ரொட்டியும் புளிக்கும். டிசம்பர் இரவில் பெங்களூர்க் குளிருக்கு மாவு விடிய விடிய அசையாமல் கிடக்கும்.

இந்தத் தொல்லைக்கு மாற்று மேல்நாட்டில் முன்பே வந்துவிட்டது. மரச் சாம்பலிலிருந்து எடுத்த ஒருவகை உப்பைப் போட்டு மாவைப் பொங்கச் செய்யும் குறிப்பை, அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் 1796-இலேயே தன் சமையல் நூலில் அச்சிட்டிருக்கிறார். 1843-இல் இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் பேக்கிங் பவுடரைச் செய்தார். காரணம் சுவையானது. அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது! ஒரு வீட்டுக்காரியின் வயிற்றுக்காகப் பிறந்த பொடி, படைகளுக்கும் கூடாரங்களுக்கும் போய், கப்பலேறி இங்கேயும் வந்தது. வைவர்னும் முகாம் சமையலுக்குப் பேக்கிங் பவுடர் ரொட்டியையே சிபாரிசு செய்கிறார்.

இதற்குத் தமிழ்ச் சாட்சி ஒன்று உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. சோடியம் பைகார்பனேட்டுக்கு நாம் வைத்த பெயர் என்ன? ஆப்ப சோடா. கேக் சோடா என்றோ ரொட்டி சோடா என்றோ வைக்கவில்லை. ஆப்பத்தில் கள் இருந்த இடத்தில் இந்தப் பொடி வந்து உட்கார்ந்ததை அந்தப் பெயரே சொல்கிறது என்பது என் துணிபு. கள் தொட மாட்டேன் என்ற வீடுகளிலும் ஆப்பம் நுழைய இதுவே வழிவிட்டிருக்க வேண்டும்.

அதே கதைதான் பேட்டைப் பக்கமும் நடந்தது. பெங்களூரில் பிளேக் பரவிய 1898-ஆம் ஆண்டில், ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்ற ஐயங்கார் சிக்பேட்டைப் பகுதியில் 'பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி'யைத் தொடங்கினார். பலகாரக் கடைக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரர் ரொட்டி சுடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். இன்று மூலைக்கு மூலை இருக்கிற ஐயங்கார் பேக்கரிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. முட்டை இல்லாத கேக், காரா பன், தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த தில்பசந்த். (டூட்டி ஃப்ரூட்டி என்பது வேறொன்றுமில்லை, பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. ஏழைகளின் திராட்சை.) அந்த ஹாசன் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழ். பாதி கன்னடம் கலந்திருக்கும், ஆனாலும் தமிழ். ஆக தண்டில் குசினித் தமிழர், பேட்டையில் ஹெப்பார்த் தமிழர். ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடிக்காத காலத்தில் இரண்டு பேரும் ஒரே மைதா மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவதும் ஒருவர் உண்டு. நீலகிரிக்குத் தபால் சுமந்து ஓடும் வேலை பார்த்த முத்துசாமி முதலியார் 1905-இல் மலையில் ஒரு வெண்ணெய்க் கடையை ஏற்றார். அந்தக் குடும்பம் 1936-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. அதுதான் நீலகிரிஸ். 1970-களில் அவர்கள் தொடங்கிய டிசம்பர் கேக் கண்காட்சிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு போகாத பிள்ளை எங்கள் பக்கம் அநேகமாகக் கிடையாது. பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் 1902 முதல் நடக்கும் ஆல்பர்ட் பேக்கரியையும் சொல்லாமல் விடக் கூடாது. முதலாளி முஸ்லிம் குடும்பம்; பெரிய வெள்ளிக்குச் சிலுவை பன் வாங்க அங்கே வரிசை நிற்கும். பெங்களூரில் மாவுக்கு மதமில்லை என்று ஒரு நண்பர் சொல்வார். கொஞ்சம் மிகைதான்.

இனி வீட்டுக் கதை. என் அம்மாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மதராசுக்குப் போய், குசினியில் மேட்டியாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்தவர். துரைக்கு மாற்றல் வந்ததும் கூடவே பெங்களூர் வந்து பட்லர் ஆனார். இதை நான் அறிந்தது நாற்பது வயதில். அதுவரை வீட்டில் சொல்லிவந்தது, "தாத்தா மிலிட்டரியில் இருந்தாரு" என்று. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னோம். தண்டில் 'மிலிட்டரியில் இருந்தார்' என்று கேள்விப்படும் தாத்தாக்களில் எத்தனை பேர் துப்பாக்கி பிடித்தார்கள், எத்தனை பேர் கரண்டி பிடித்தார்கள் என்பதை யாராவது ஆராய வேண்டும்.

அம்மா காலமான பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, ஊரைவிட்டுப் போகும்போது துரைகள் எழுதிக் கொடுக்கும் 'சிட்டு', அதாவது நன்னடத்தைச் சீட்டு. நான்கைந்து வரி. நேர்மையானவர், புட்டிங் நன்றாகச் செய்வார் என்ற அளவில் இருக்கிறது. தாத்தாவின் பெயரும் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று, அம்மா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா சொல்லச் சொல்ல எழுதிய நாற்பது பக்க நோட்டு. 'டேட்ஸ் ரொட்டி' என்ற தலைப்பில் ஒரு பக்கம். அதில் சோடாவுக்கு நேரே அம்மாவின் குண்டு எழுத்தில் இப்படி இருக்கிறது: மதராசுக்கு ஒரு ஸ்பூன், பெங்களூருக்கு முக்கால்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. இரண்டு துரைசானிகளின் ருசி பேதம் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர், மூவாயிரம் அடி. காற்றழுத்தம் மதராசைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோடாவிலிருந்து எழும் கரியமில வாயுவை அழுத்திப் பிடிக்கக் காற்றுக்குப் பலம் குறைவு. மாவு வேகமாக எழும்பி, உள்ளே வெந்து இறுகுவதற்கு முன் குமிழிகள் உடைந்து, நடு அமுங்கிப்போகும். ஆகவே உயரமான ஊரில் சோடாவைக் குறைக்க வேண்டும். இன்றைய மேல்நாட்டுச் சமையல் நூல்கள் இந்த உயரத்துக்கு எட்டில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கின்றன. தாத்தா கால் பங்கு குறைத்திருக்கிறார். அந்தக் கால ஸ்பூன் எவ்வளவு பெரிதோ!

அவருக்குக் காற்றழுத்தம் என்ற சொல் தெரிந்திருக்காது. எந்தப் புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது, படிக்கத் தெரியாதவர். மதராசில் நன்றாக வந்த ரொட்டி இங்கே வந்ததும் குழி விழுந்திருக்கும். வசவு விழுந்திருக்கும். நான்கைந்து ரொட்டியாவது வீணாயிருக்கும், அந்த மைதாவுக்கான காசு சம்பளத்தில் பிடிக்கப்பட்டும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை குறைத்துப் பார்த்து, முக்காலில் வந்து நின்றிருக்கிறார். புட்டிங் நன்றாகச் செய்வார் என்று எழுதிய துரைக்கு இது தெரியாது. தெரிந்தது எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்கு. அவளும் அதை எழுதிவிட்டு, "மிலிட்டரியில் இருந்தாரு" என்று சொல்லிச் சொல்லியே மறைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைய வேண்டும் என்று நினைத்தாள்.

நோட்டில் உள்ளபடி செய்முறையைத் தருகிறேன். அளவை மட்டும் இன்றைய கிராம் கணக்கில் மாற்றியிருக்கிறேன். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், பொடியாக நறுக்கியது. அதன்மேல் முக்கால் டீஸ்பூன் சோடாவைத் தூவி, முக்கால் கப் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். பழம் குழைந்து கறுத்துவிடும். ஆறியபின் 60 கிராம் உருகிய வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, அரை கப் கெட்டித் தயிர் சேர்க்க வேண்டும். தாத்தா ஒரு முட்டை போட்டிருக்கிறார். தயிர் அம்மா செய்த மாற்றம். தயிர்ப் புளிப்பு பட்டதும் சோடா நுரைக்கும், அதனால் இதற்குமேல் நின்று பேசக் கூடாது. 250 கிராம் மைதாவைச் சிட்டிகை உப்போடு சலித்து, அதில் ஒரு பிடி மாவை எடுத்து 75 கிராம் முந்திரியிலும் 50 கிராம் திராட்சையிலும் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாம் அடியில் போய் உட்காரும். மீதி மாவைக் கொட்டி, ஈரம் படும் அளவுக்கு மட்டும் கிளற வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்தால் ரப்பராகிவிடும். முந்திரி, திராட்சையைச் சேர்த்து, வெண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி, 180 டிகிரியில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி வரை. நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. சூட்டோடு வெட்டாதீர்கள். மறுநாள்தான் ருசி.

தாத்தா காலத்தில் ஓவன் ஏது? அடுப்பில் பெரிய தேக்சா, உள்ளே மணல், அதன்மேல் டின், மூடிக்கு மேலும் தணல். எனக்கு நினைவு தெரிந்தபோது எங்கள் தெருவில் வேறு பழக்கம். டிசம்பர் மூன்றாம் வாரம் கேக் மாவையும் ரொட்டி மாவையும் டின்களில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, தலையில் வைத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். வேலை முடிந்த அடுப்பில், அடங்கும் சூட்டில் சுட்டுத் தருவார்கள். சோடா ரொட்டிக்கு அங்கே எப்போதும் சண்டைதான். "எங்களுது காத்திருக்கக் கூடாதுப்பா, முதல்ல உள்ள தள்ளு" என்று அம்மா கத்துவாள். ரம்மில் ஊறிய பிளம் கேக் நிதானமாக நிற்கும், இது நிற்காது. பிறகு வட்ட அலுமினிய ஓவன் வந்தது, கண்ணாடி மூடி வைத்தது. வரிசை குறைந்தது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் சிட்டு இருந்தால், எண்ணெய்க் கறை படிந்த நோட்டு இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படியெடுத்துச் சங்க நூலகத்தில் வையுங்கள். உங்கள் தாத்தாவின் பெயரைச் சரியான எழுத்தில் மேலே எழுதுங்கள்.

போன டிசம்பரில் சென்னையிலிருக்கும் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அம்மா ரொட்டி எனக்குச் சரியா எழும்பவே மாட்டேங்குது. கல்லு மாதிரி வருது." எவ்வளவு சோடா போட்டாய் என்றேன். "நோட்டுல இருக்கிற மாதிரிதான், முக்கால்." அந்த வரியை முழுதும் படி என்றேன். நான் அனுப்பிய நகலில் ஓரம் மடிந்து, மதராஸ் என்ற பாதி விழவே இல்லை. ஒரு ஸ்பூன் போட்டாளாம், இப்போது நன்றாக வருகிறதாம்.